நடு வரிசையில் குரோட்டன்ஸ் தொட்டி

6 ஜூலை 1980, ஞாயிறு

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பேசலாம் என்றால் கேட்க ஆளில்லை; ஆகவே எழுதுகிறேன். எழுதுகிற டைரியும் என்னுடையதில்லை. கூட்டுறவு வங்கி மாமாவுக்குக் கொடுத்தது. இந்த வீட்டில் எனக்கென்று வந்து சேர்வதெல்லாம் இப்படித்தான், பாதி வருடம் போன பிறகு.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. சரித்திரத்தில் எம்.ஏ. கல்யாணமான வருடம் மதுரைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. "ஒத்தப் பிள்ளை. அவளை விட்டுட்டு நாங்க எப்படி இருப்போம் மாப்ளே" என்றார் மாமா. பென்ரோஸ் உயர்நிலைப் பள்ளியில் அவர் டிராயிங் மாஸ்டர். அங்கேயே எனக்கும் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். அதே இடத்தில் இன்னும் இருக்கிறேன். தலைமையாசிரியர் நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டும். வேலையில் எனக்கு இளையவர் ஒருவர் அதில் உட்கார்ந்திருக்கிறார்.

மாமாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய சாமான்களைச் சேர்க்கிற பழக்கம். விரிசல் விட்ட பள்ளி மணி, வெள்ளைக்கார ஹெட்மாஸ்டரின் தொப்பி, பீங்கான் மைக்கூடுகள், ஹாக்கி மட்டைகள், மன்னர் முடிசூட்டுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மெடல்கள், சட்டம் போட்ட குரூப் போட்டோக்கள். மாடி முழுவதும் அதற்குத்தான். என் மகன் பூனாவுக்கு வேலைக்குப் போன மறுவாரமே அவன் அறைக்குள் ஒரு நீளப் பெஞ்சு நுழைந்தது. கதவு இப்போது பாதிதான் திறக்கும். ஒருக்களித்துத்தான் உள்ளே போகலாம். என் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன.

இன்று காலை பள்ளித் தாளாளர் பிரமநாயகம் வந்தார். என்னோடு படித்தவர். அல்ஜீப்ரா பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவர்.

"என்ன வே, சாரல்ல ஊறிப் போயிட்டீரா? உமக்கு ஒரு வேலை கொண்டாந்திருக்கேன்" என்றார். "பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தஞ்சு வயசாகுது. ஆகஸ்டு கடைசியில விழா. உம்ம மாமனார் சாமானையெல்லாம் ஹால்ல கண்காட்சியா வைக்கணும். விழா மலருக்குச் சரித்திரம் நீரு எழுதுதீரு. பொம்பளப் பிள்ளைகளுக்குக் கட்டியிருக்கிற புதுக் கட்டடத்துக்கு எங்கக்கா பேரு வைக்கோம். அங்கன படிச்ச முதல் பொண்ணு அவதான், முப்பத்தெட்டுல. அதைக் கொஞ்சம் விரிவா எழுதும்."

"பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் தின்னுட்டே. எதை வச்சு எழுத?"

"எங்கக்கா வாயால சொன்னதை வச்சு எழுதும். எம்.ஏ. படிச்ச ஆளுல்லா நீரு?"

மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். 'முதல் பொண்ணு' என்று காதில் விழுந்ததும் கண்ணைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

முப்பத்தெட்டுக்கு முன்னால் ஒரு பெண் அங்கே படித்திருந்தால், அதை நான் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பெயர்ப்பலகை திறக்கிற நாளில் பிரமநாயகத்தின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது.

8 ஜூலை, செவ்வாய்

மாடியில் ஒழுகுகிறது. ஓடு மாற்ற ஆள் வரவில்லை. ஒழுகும் இடத்திலிருந்த மைக்கூடுகள் என் கட்டிலுக்கு வந்துவிட்டன. சுவரை ஒட்டிப் படுக்கிறேன்.

12 ஜூலை, சனி

கண்காட்சிக்காகத் துடைக்கும் வேலை. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து கைத்தடியால் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒவ்வொன்றையும் தொடும் முன் நான் கை கழுவ வேண்டும். அந்தத் தொப்பிக்குச் சொந்தக்காரர் என்றைக்காவது கை கழுவிவிட்டு அதைத் தொட்டிருப்பாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

போட்டோக்களை இறக்கினேன். 1926ஆம் வருடத்துக் குரூப் போட்டோ ஒன்று. முன்னால் தரையில் சின்னப் பையன்கள், நடுவில் வருடம் எழுதிய சிலேட்டுக்குக் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடு வரிசையில் ஆசிரியர்கள், நாற்காலிகளில், தலைப்பாகையும் கோட்டுமாக. பின்னால் பெரிய பையன்கள். இரண்டு ஓரத்திலும் குரோட்டன்ஸ் தொட்டிகள். இதுவரை எல்லாம் சரி. ஆனால் நடு வரிசையில், ஹெட்மாஸ்டர் துரைக்கு இடப்பக்கம், ஒரு நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு குரோட்டன்ஸ் தொட்டி, உட்கார்ந்த ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

இந்தப் படத்தைக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். செடியைப் போய் யார் பார்ப்பார்கள்? இன்று துடைக்கும்போது பார்த்தேன். அந்தக் காலத்துக் காமிரா மெதுவானது. ஓரத்துத் தொட்டிகளின் இலைகள் காற்றில் ஆடிக் கலங்கியிருக்கின்றன. நடுத் தொட்டியில் மட்டும் காற்றே அடிக்கவில்லை. ஒவ்வொரு இலையிலும் நரம்பு தெரிகிறது.

"அதை அங்கனயே மாட்டிருங்க மாப்ளே. அது போக வேண்டாம்" என்றார் மாமா.

"ஏன் மாமா?"

"கண்ணாடி கீறியிருக்கு."

கண்ணாடியில் கீறல் இல்லை.

13 ஜூலை, ஞாயிறு

மாமாவின் மத்தியானத் தூக்கம் இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கும் ஒரே சுதந்திரம். மாடிக்குப் போய்ச் சட்டத்தின் பின்பலகை ஆணிகளைக் கழற்றினேன். சாரல் ஈரத்தில் படம் அடிப்பக்கம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மெதுவாகத்தான் உரித்தேன். இருந்தாலும் தொட்டியின் அடிப்பாகம் கண்ணாடியோடு போய்விட்டது. போட்டோ கிழியவில்லை. போனது வண்ணம் மட்டும். அந்தத் தொட்டி வரைந்த தொட்டி.

அதற்கு அடியில் நாற்காலிக் கால்கள். நாற்காலிக் கால்களுக்கு நடுவில் இரண்டு வெறுங்கால்கள். கொலுசு. பாவாடையின் கரை. மெட்டி இல்லை. கல்யாணமாகாத ஒரு பெண்.

1926. பிரமநாயகத்தின் அக்கா அப்போது தொட்டிலில் இருந்திருப்பாள்.

இந்தப் பள்ளியில் இவ்வளவு நறுக்காகச் செடி வரையத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எவளோ ஒருத்தியை ஏதோ காரணத்துக்காக மறைத்திருக்கிறார். காரணம் நல்லதாக இருக்காது என்று நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே கல்லில் தாளாளர், மாமனார் இருவரும். படத்தை வேட்டியில் சுற்றி என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். சட்டத்துக்குள் வேறொரு ஹாக்கி டீம் படத்தைச் செருகி மாட்டினேன்.

16 ஜூலை, புதன்

பள்ளியில் விழாக் கமிட்டி. தலைமையாசிரியர் தேநீர் வாங்கிக் கொடுத்தார், அவர் பணத்தில் என்று எல்லோருக்கும் தெரியும்படி. கூட்டம் முடிந்ததும் பிரமநாயகத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"முப்பத்தெட்டுக்கு முன்னால வேற பொண்ணு எவளும் படிக்கலைன்னு உறுதியாத் தெரியுமா?"

"இருந்தா கொண்டாரும் வே" என்று சிரித்தார். "உம்ம மாமனார் பரண்ல எவளாவது குமரி உக்காந்திருக்காளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக.

19 ஜூலை, சனி

இன்று என் மனைவி உலகம்மாளிடம் காட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் சரித்திரம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் 'எங்கப்பா, எங்கப்பா' என்று அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஒரு தடவையாவது அவள் முகம் மாறுவதைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உங்கப்பா பண்ணியிருக்கிற காரியத்தைப் பாரு. எவளையோ உக்கார வச்சுப் படம் எடுத்துட்டு, அவ மேல செடியை வரைஞ்சு வச்சிருக்காரு" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இடது கால்ல ரெண்டாவது விரலு பெருவிரல் மேல ஏறிக் கெடக்கு, பாத்தீங்களா?"

"அதுக்கென்ன?"

கீரைத் தண்டுகளுக்கு நடுவில் தன் இடது காலை நீட்டினாள். "எங்கம்மா காலு இது. எனக்கும் அதே காலுதான். செருப்புக் கடையில ஒவ்வொரு தடவையும் சொல்லுதேனே, விரலு நசுங்குதுன்னு."

சொல்லியிருக்கலாம். எனக்கு நினைவில்லை.

என் மாமியார் ஆவுடையம்மாள் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பேச்சே இல்லாத மனுஷி. எழுதப் படிக்கத் தெரியாது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

"எனக்கும் அப்படித்தானே சொன்னாங்க" என்றாள். "கண்ணு சரியில்லைம்பா. பேப்பரை என்னைத்தான் வாசிக்கச் சொல்லுவா. நான் எங்கயாவது ஒரு வரியை விட்டுட்டா, பின்னால நின்னுக்கிட்டு 'மேல இன்னொரு வரி கெடக்கு பாரு'ம்பா. கண்ணு சரியில்லாதவளுக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் யோசிக்கவே இல்லையேங்க."

கீரை அப்படியே கிடந்தது. ராத்திரி மோர்சாதம்.

20 ஜூலை, ஞாயிறு

நான் கேட்பதற்காக வாக்கியமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். எனக்கு வேலையே இருக்கவில்லை. காபி கொடுத்த கையோடு உலகம்மாள் படத்தை அவர் மடியில் வைத்தாள்.

மாமா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். "கண்ணாடியில ஒட்டிக்கிட்டு வந்துட்டோ? சாரல் காலத்துல சட்டத்தைக் கழட்டப்படாது மாப்ளே" என்றார்.

"அப்பா, அம்மா பென்ரோஸ்ல படிச்சாளா?"

"ரெண்டு வருசம். அவ அப்பா இங்க தாலுகா ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்தாரு. கணக்குல பையன்க ஒருத்தன் அவ கிட்ட நிக்க முடியாது. துரை தன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சாரு. பையன்க வரிசையில நிறுத்த முடியாதுல்லா." விரலால் அந்தக் கால்களைத் தொடப் போனவர், தொடாமல் விரலை எடுத்துக்கொண்டார். "பொறவு அவருக்கு மாத்தலாகிப் போயிட்டாங்க. போய் ஒரு வருசம் கழிச்சு என்னை மாப்பிள்ளையாக் கேட்டு ஆளு விட்டாரு. எங்கம்மை முடியாதுன்னுட்டா. இந்தப் படம் ஹெட்மாஸ்டர் ரூம்ல, போறவன் வாறவன் பாக்கிற எடத்துல தொங்குது. இத்தனை ஆம்பளைக்கு நடுவுல உக்காந்தவளை நான் எப்படி மருமகன்னு கூட்டிட்டு வருவேன்னு ஒரே அழுகை."

"அதுக்கு?"

"அடியில பேரெல்லாம் மங்கிட்டு, திருத்திக் குடுக்கேன்னு சொல்லிப் படத்தை வீட்டுக்குக் கொண்டாந்தேன். தொட்டியை வரைஞ்சேன், அடியில அவ பேரையும் அழிச்சேன். எங்கம்மை பாத்தா. சரின்னுட்டா. ஆனா படிச்ச பொண்ணுங்கிற பேச்சே வீட்ல வரப்படாதுன்னா."

நான் குறுக்கிட்டேன். "படத்தைப் பள்ளிக்கூடத்துல திருப்பிக் கேக்கலியா?"

"திருப்பிக் குடுத்தா, எவனாவது பாத்துட்டு அங்க ஒரு பொண்ணுல்லா இருந்தாம்பான். அதான் குடுக்கலை. ஆனா ஒரு படம் மட்டும் என் வீட்ல கெடந்தா ஏன்னு கேப்பான்லா? அதனால இன்னொரு படத்தைக் கேட்டு வாங்கினேன். பொறவு மைக்கூடு. பொறவு மணி. நாலு சாமான் சேந்த பொறவு எவனும் கேக்கலை. டிராயிங் சாருக்கு இது ஒரு கிறுக்குன்னு விட்டுட்டாங்க."

நான் ஒருக்களித்து நுழைகிற அறையை நினைத்தேன். என் கட்டிலில் கிடக்கும் மைக்கூடுகளை நினைத்தேன். ஒரு தொட்டி போதாமல் வீடு முழுக்கத் தொட்டிகள். அவற்றுக்கு நடுவில் கைகழுவிக் கைகழுவி நான்.

உலகம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. "எட்டாப்பு முடிச்சப்ப, உங்க பள்ளிக்கூடத்துலயே ஒன்பதாப்பு சேத்துவிடுங்கன்னு அழுதேன். அப்ப அங்க பொம்பளப் பிள்ளைங்க படிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. நம்ம வீட்ல பொம்பளைங்க படிச்சதே இல்லைன்னு சொன்னீங்க. அம்மா பக்கத்துல உக்காந்து அவரைக்கா நறுக்கிக்கிட்டு இருந்தா."

"அங்க பழைய ஆளுங்க இருந்தாங்க உலகு. உன் மொகம் அவ மொகம். எவனாவது பாத்துட்டு, உங்கம்மாவும் இங்கதானேன்னு கேட்டுட்டா?"

"கேட்டா என்னப்பா?"

"எங்கம்மை உசிரோட இருந்தாளே." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்: "வாட்டர் கலர்லதான் போட்டேன்ளா. ஆயில்ல போட்டிருக்கலாம், போடலை. ஈரப் பஞ்சை வச்சா வந்துரும். எப்பனாலும் தொடைச்சுக்கிடலாம்னுதான்."

"பொறவு ஏன் தொடைக்கலை?"

"அவ கேக்கலை."

"அம்மா தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பா" என்றாள் உலகம்மாள். "மத்த படமெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும்தான்."

21 ஜூலை, திங்கள்

உலகம்மாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஓட்டல் இட்லி. மாமா தொடவில்லை. நான் சாப்பிட்டேன்.

24 ஜூலை, வியாழன்

இன்றும் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. வெந்நீர் வேண்டும் என்பதை மாமா என்னிடம் சொல்கிறார், வெந்நீர் வைத்தாயிற்று என்பதை அவள் என்னிடம் சொல்கிறாள். இந்த வீட்டில் முதல்முறையாக என்னை எல்லோரும் தேடுகிறார்கள்.

மலருக்கான கட்டுரையைக் கேட்டுத் தாளாளர் ஆள் அனுப்பினார். முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

27 ஜூலை, ஞாயிறு

காலையில் மாமா தானாகவே பஞ்சும் ஆறவைத்த வெந்நீரும் கேட்டார். படத்தை மேசையில் ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். பஞ்சை இரண்டு தடவை கீழே போட்டார். நான் செய்கிறேன் என்றேன். "உங்க கை எழுதுற கை மாப்ளே. அழுத்திருவீங்க" என்றார். உலகம்மாள் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கீழிருந்து மேலே போனார். ஒவ்வோர் இலையாகப் பஞ்சில் வந்தது. பாவாடை. மடியில் ஒரு புத்தகம். மூடிய புத்தகத்துக்குள் ஒரு விரல், படித்த பக்கம் போய்விடாமல் இருப்பதற்காக. தாவணி. பிறகு முகம்.

பயந்த முகத்தை எதிர்பார்த்தேன். அல்லது அழகான முகத்தை. இரண்டும் இல்லை. எரிச்சலான முகம். சீக்கிரம் எடுத்து முடியுங்கள், எனக்கு வேலை இருக்கிறது என்கிற முகம். இந்த முகத்தை அடுப்படியில் நான் தினமும் பார்க்கிறேன். எனக்காகவே வைத்துக்கொள்கிற முகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"என்ன புஸ்தகம்பா அது?" என்றாள். ஒரு வாரத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"நான் கேக்கலை" என்றார் மாமா.

30 ஜூலை, புதன்

படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பிரமநாயகத்தின் மில் ஆபீசுக்குப் போனேன். அவர் முகம் மாறுவதை நேரிலேயே பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். வேறு காரணம் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

நன்றாகவே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"யாரு இது?"

"என் மாமியார். ஆவுடையம்மாள். இருபத்தாறுல அஞ்சாம் ஃபாரம் படிச்சவங்க."

"பேரு எங்க போட்டிருக்கு?"

"பேரு இல்லை. மாமா அழிச்சுட்டாரு."

"பதிவேடு?"

"கரையான் தின்னுட்டு."

முகம் மாறியது உண்மைதான். ஆனால் நான் நினைத்த பக்கமாக மாறவில்லை. சிரித்தார். "வே, உம்மகிட்ட நான் ஏன் கோவப்படணும்? கொண்டுபோய்ப் பத்திரிகையில போடும். போட்டா ஊர்ல என்ன சொல்லுவான் தெரியுமா? ஹெட்மாஸ்டர் வேலை கிடைக்காத வயித்தெரிச்சல்ல, செத்துப்போன மாமியாளைக் கூட்டியாந்து நாற்காலியில உக்கார வச்சிருக்காம்பான். உம்ம பேரைப் பாத்த ஒடனே மிச்சத்தை எவனும் படிக்க மாட்டான்." படத்தைத் துண்டில் அவரே நன்றாகச் சுற்றிக் கொடுத்தார். "உம்ம சம்பளக் கிரேடு ஃபைலு என் மேசையிலதான் கெடக்கு. விழா முடியட்டும், பாப்போம். அந்தக் கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்திரும்."

வெளியே வந்தபோது சாரல் வலுத்திருந்தது. துண்டு படத்துக்கு. நான் நனைந்துகொண்டு வந்தேன்.

1 ஆகஸ்டு, வெள்ளி

கட்டுரை கொடுக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்தேன்.

2 ஆகஸ்டு, சனி

திருநெல்வேலியிலிருந்து வரும் தினசரியின் ஆசிரியருக்கு எழுதி முடித்தேன். பதினோரு பக்கம். மதுரை வேலையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். தலைமையாசிரியர் நியமனத்தில் நடந்தது, அல்ஜீப்ரா பரீட்சை, தாளாளர் குடும்பத்தின் பேராசை, ஒரு வீட்டின் மாடி எப்படிப் பறிபோகிறது என்பது, எல்லாம் வந்திருக்கிறது. நடை நன்றாக அமைந்துவிட்டது. கீழே பெயர், பட்டம், விலாசம். வாழ்நாளில் இவ்வளவு நன்றாக நான் எழுதியதில்லை.

மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

3 ஆகஸ்டு, ஞாயிறு

உலகம்மாள் படித்திருக்கிறாள். என் எழுத்தை அவள் படிப்பாள் என்று நான் நினைத்ததில்லை. காபியோடு வந்து நின்றாள்.

"எங்கம்மா எட்டாவது பக்கத்துல வாரா" என்றாள்.

"முன்கதை வேணும்ல? படிக்கிறவனுக்குப் புரிய வேண்டாமா?"

"ஒன்பதுல போயிருதா. பத்துல திரும்பவும் பிரமநாயகம் அண்ணாச்சி." டம்ளரை வைத்தாள். "அந்தப் படத்துல எங்கம்மாவைச் சுத்தி எத்தனை ஆம்பளைங்க? இதுலயும் அப்படித்தான் உக்காந்திருக்கா."

"அப்ப நீ எழுது. உன் பேர்ல போகட்டும்."

"அவரு அவங்கக்கா சொன்னான்னு சொல்லுதாரு. நான் எங்கம்மான்னு சொன்னா, ரெண்டும் ஒண்ணுதான்னுருவாங்க. என் பேரும் வேண்டாம். படத்தை வச்சுட்டு, தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க. அதுக்கு எத்தனை வரி வேணும்?"

எட்டாம் வகுப்பு என்று வாய்வரை வந்தது. காபியைக் குடித்தேன்.

7 ஆகஸ்டு, வியாழன்

பதினோரு பக்கத்தைச் சுருக்கப் பார்த்தேன். ஏழுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. எதை வெட்டினாலும் என்னை வெட்டுவதுபோல இருக்கிறது.

பள்ளியிலிருந்து மறுபடி ஆள். கட்டுரையைத் தலைமையாசிரியரே எழுதிவிட்டாராம். எனக்குச் சிரமம் வேண்டாமாம்.

9 ஆகஸ்டு, சனி

மாமா இந்தியன் இங்க்கும் பட்டைப் பேனாவும் எடுத்துவரச் சொன்னார். படத்தின் அட்டையில் பெயர் இருக்கும் பட்டையை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, அந்த வரிசையை முதலிலிருந்து எழுதப்போவதாகச் சொன்னார். உலகம்மாள் நன்றாக எழுதுவாளே, அவளே எழுதட்டும் என்றேன்.

"எவன் எழுதினாலும் இதுல ஒட்டாது. தொட்டியை வச்சவன் நாந்தானே" என்றார்.

ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. துரையின் பெயருக்குப் பக்கத்தில் 'குமாரி ஆவுடையம்மாள்' என்று எழுதினார். எழுத்துகள் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தன. உலகம்மாள் மை காயும்வரை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். அவரும் அவளும் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. என்னிடம் யாரும் வந்து சொல்லவும் இல்லை.

சாயங்காலம் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக ஒரு பிரதி எடுக்கச் சொன்னேன். "இந்தம்மா யாரு சார், டீச்சரா?" என்று கேட்டான். மாணவி என்றேன்.

10 ஆகஸ்டு, ஞாயிறு

இதனால் மாமாவை நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மதுரை மதுரைதான். பிரமநாயகத்தைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியிலும் பொய் கிடையாது. அந்தப் பதினோரு பக்கத்தையும் கிழிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இன்று புதிதாக எழுதினேன். 1926இல் பென்ரோஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆவுடையம்மாள் என்ற மாணவி ஐந்தாம் ஃபாரம், அதாவது பத்தாம் வகுப்பு, படித்தார். கணக்கில் முதலாவதாக வந்தார். அவர் படத்தின் மேல் ஒரு செடி வரையப்பட்டது. வரைந்தவரே இப்போது அதை நீக்கியிருக்கிறார். புதுக் கட்டடத்துக்குப் பெயர் வைக்கும் முன் இந்தப் படத்தைப் பார்க்கவும். அசல் படம் கைலாசம் டிராயிங் மாஸ்டர் வீட்டில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. வீட்டைக் குறிப்பிடச் சொன்னது மாமா. கேட்க வருகிறவர்களுக்குத் தானே பதில் சொல்வதாகச் சொன்னார்.

உலகம்மாள் படித்தாள். தலையை ஆட்டினாள். "கீழ உங்க பேரு?" என்றாள்.

இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன். பேனாவையும் எடுத்தேன். ஒரு பேப்பரில் என் பெயர் வந்து எத்தனை வருடமாயிற்று. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் இந்த ஊர் என்ன செய்யும் என்று பிரமநாயகம் சொன்னாரே, அது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கையெழுத்தைப் பார்ப்பேன், ஏன் எழுதியிருக்கிறான் என்று புரிந்துகொண்டதாக நினைப்பேன், படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

"பயமா?" என்று கேட்டாள்.

"பயமும்தான்" என்றேன்.

பேப்பர்க்காரர்கள் பெயரில்லாத கடிதத்தைக் குப்பையில் போடலாம். போட்டோவைப் பார்த்த பிறகு போடுவார்களா என்று தெரியவில்லை. அந்த முகத்தைக் கொஞ்ச நேரமாவது ஒருவர் பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

காலையில் ஸ்டூடியோவிலிருந்து வாங்கி வந்த பிரதியையும் சேர்த்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். ஆசிரியர் விலாசம் மட்டும் முன்பக்கம். அனுப்புநர் என்று எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. நாளை பள்ளிக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போடுவேன், இப்படியே, கையெழுத்து இல்லாமல்.